அஞ்சு பாயிண்ட் நேர்மை

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிக்கொள்வது இந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். ஆக்ஸ்போர்டுக்காரர்கள் தங்கள் ஊரை இங்கிலாந்தின் பாளையங்கோட்டை என்று சொல்லிக்கொள்வதாக இதுவரை தகவல் இல்லை. இந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு நர்சரி அண்ட் பிரைமரி ஸ்கூல், பெயர் வேண்டாம். அதில் ஆக்டிவிட்டி கோ-ஆர்டினேட்டர் மருமகன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர் அத்தை. ஸ்போர்ட்ஸ் டேக்குத் தலைமை தாங்க அத்தையை அழைக்க வந்தவர், அழைப்பிதழோடு போயிருக்கலாம். ஃபைலையும் கையில் கொண்டுவந்துவிட்டார்.

மருமகன்: இந்த வருஷத்துல இருந்து எங்க ஸ்கூல்ல ஹவுஸ் சிஸ்டம், அத்தை. நாலு ஹவுஸ், நாலு கலர், நாலு வேல்யூஸ். பிள்ளைங்க எல்லாரும் ஒரே குடும்பம்ங்கிற எண்ணம் வரணும்னு கரஸ்பாண்டென்ட் ஆசைப்படுறார்.

அத்தை: ஒரே குடும்பம்னு காட்ட நாலா பிரிச்சாச்சு. நல்லதுதான். எங்க அப்பா போனதும் எங்க வீட்டுலயும் ஒரே குடும்பம், ஒரே குடும்பம்னு சொல்லிச் சொல்லியேதான் நாலா பிரிச்சாவ. மேல சொல்லு.

மருமகன்: இங்கிலாந்துல காலங்காலமா இருக்கிற முறை.

அத்தை: அங்கன பையங்க பள்ளிக்கூடத்துலயே தங்கிப் படிச்சானுவ. தங்குத வீட்டுக்கு ஒரு பேரு, அதைப் பாத்துக்க ஒரு மாஸ்டர், காய்ச்சல்னா கஞ்சி குடுக்க ஒரு அம்மா. வீடு இருந்துச்சு, ஹவுஸ்னு சொன்னாவ. உங்க பிள்ளைங்க மூணரை மணிக்கு வேன் ஏறிப் போயிருதாவ. ஹவுஸ் எங்க இருக்கு?

மருமகன்: டீ-ஷர்ட்ல.

அத்தை: எவ்வளவு?

மருமகன்: முந்நூத்தம்பது. காலர் வச்சது, அத்தை. ஸ்கூல்லயேதான் வாங்கணும்.

அத்தை: காமராஜர் காலத்துல பிள்ளைங்களுக்குச் சீருடைன்னு கொண்டுவந்தது எதுக்கு? யாரு வீட்டுப் பிள்ளைன்னு சட்டையைப் பாத்துத் தெரியக்கூடாதுன்னு. எல்லாரும் ஒண்ணுன்னு தெரிய ஒரு சட்டைக்குக் காசு வாங்கியாச்சு. வேற வேறன்னு தெரிய இப்ப இன்னொரு சட்டைக்குக் காசு. சரி, ஹவுஸுக்கு என்ன பேரு?

மருமகன்: அதுலதான் ரொம்ப யோசிச்சோம். முதல்ல தலைவர்கள் பேரு வைக்கலாம்னு பி.டி. சார் சொன்னார்.

அத்தை: அவர் எந்த ஊர்க்காரர்?

மருமகன்: சேலம் பக்கம்.

அத்தை: அதான் தைரியமா சொல்லியிருக்கார். ஏய்யா, நான் வேலை பாத்தப்ப இந்த ஜில்லாவுக்கே பேரு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். பஸ்ஸுல எல்லாம் ஒவ்வொரு தலைவர் பேரு. 1997ல ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வச்சாவ. அந்தப் பேரு போட்ட பஸ்ஸுல ஏற மாட்டோம்னு ஒரு கூட்டம் கிளம்பி, கலவரமாகி, கடைசியில எல்லா மாவட்டத்துலயும் எல்லாப் பஸ்ஸுலயும் எல்லாத் தலைவர் பேரையும் அழிச்சாவ. செத்துப்போன தலைவர்களை ஆளுக்கு ஒருத்தர்னு பங்கு போட்டு வச்சிருக்க ஊர் இது. நீங்க அதுல நாலு பேரை எடுத்து ரிலே ரேஸ் விடப் பாத்தீங்களாக்கும்?

மருமகன்: கரஸ்பாண்டென்டும் அதேதான் சொன்னார். அடுத்து ஆறுகள் பேரு பாத்தோம். தாமிரபரணி, வைகை, காவிரி, பாலாறு. பாலாறு ஹவுஸ்ல போட்டா ஃபீஸ் கட்ட மாட்டோம்னு சொல்லிருவாங்கன்னு விட்டுட்டோம்.

அத்தை: கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல வச்ச மாதிரி திணைப் பேரு வச்சிருக்கலாமே. மகிழ் முற்றம்னு 2024 நவம்பர் 14ல ஆரம்பிச்சாவ. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. அஞ்சும் நம்ம பேரு. அஞ்சுக்கும் இன்னும் எந்தச் சங்கமும் சிலை வைக்கல.

மருமகன்: பாலைன்னா பாலைவனம்னு நினைச்சுப் பேரண்ட்ஸ் மனசு கஷ்டப்படுவாங்க, அத்தை.

அத்தை: முல்லையும் குறிஞ்சியும் வெயில்ல காஞ்சுபோனா அதுதான் பாலைன்னு இளங்கோவடிகள் சொல்லி வச்சிருக்கார். சந்தேகம் இருக்கவங்களை மே மாசம் மத்தியானம் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நிக்கச் சொல்லு. கடைசியில என்னதான் வச்சீங்க?

மருமகன்: ரூபி, சஃபையர், எமரால்டு, டோபாஸ். கரஸ்பாண்டென்டுக்கு நகைக்கடையும் இருக்கு.

அத்தை: ஆங். அந்த வேல்யூஸ்?

மருமகன்: அதுதான் அத்தை ஹைலைட். இங்கிலாந்துப் பள்ளிக்கூடம் ஒண்ணுல வேலை பாக்கிற என் ஃப்ரெண்ட் அவங்க கையேட்டை அனுப்பினான். அதைப் பாத்துத்தான் எழுதினேன். ரூபிக்கு ஜனநாயகம், சஃபையருக்குச் சட்டத்தின் ஆட்சி, எமரால்டுக்குத் தனிமனித சுதந்திரம், டோபாஸுக்கு மத்த மதத்தையும் நம்பிக்கையையும் மதிச்சு நடக்கிறது.

அத்தை: இது 2014ல அவங்க கல்வித் துறை பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பின பட்டியல்லா? அடிப்படை பிரிட்டிஷ் மதிப்புகள்னு பேரு.

மருமகன்: பிரிட்டிஷ்ங்கிற வார்த்தையை எடுத்துட்டு நம்ம ஸ்கூல் பேரைப் போட்டுட்டேன்.

அத்தை: 1947ல பண்ணின அதே வேலை. நல்லது. ரூபிக்கு ஜனநாயகம்னா எமரால்டு பிள்ளைக்கு ஜனநாயகம் வேண்டாமா? சஃபையர் பிள்ளை மட்டும் சட்டத்தை மதிக்கணும், மத்த மூணும் மனம்போல திரியலாமா?

மருமகன்: மத்ததை ஜெனரலா ஃபாலோ பண்ணலாம். ஆனா அவங்கவங்க வேல்யூல கான்சன்ட்ரேட் பண்ணணும்.

அத்தை: ரூபிக்கு யாரு கேப்டன்? பிள்ளைங்க ஓட்டுப் போட்டாவளா?

மருமகன்: இல்லை, மேனேஜ்மென்ட் நாமினேஷன்.

அத்தை: ஜனநாயகம் முடிஞ்சுது. எமரால்டு பிள்ளைங்க ஸ்போர்ட்ஸ் டேல என்ன பண்ணப்போவுது?

மருமகன்: மார்ச் பாஸ்ட். எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்துல இடது கையை வீசணும். ஒரு கை தப்பினாலும் பி.டி. சார் வரிசையை விட்டு வெளிய அனுப்பிருவார்.

அத்தை: தனிமனித சுதந்திரம் முடிஞ்சுது. சட்டத்தின் ஆட்சியைக் கேக்கவா, வேண்டாமா? கரஸ்பாண்டென்ட் பேரன் எந்த ஹவுஸ்?

மருமகன்: (ஃபைலைப் புரட்டியபடி) எது ஜெயிக்குதோ அந்த ஹவுஸ்.

அத்தை: நம்ம பாடப்புத்தகத்துல தீண்டாமையைப் பத்தி மூணு வாக்கியம் அச்சடிச்சுக் குடுக்காவ, பாத்திருக்கியா? எத்தனையோ வருஷமா ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை கையில இருக்கு. எல்லாருக்கும் பொதுவா அந்த மூணு இருக்கையில, கடல் தாண்டிப் போய் நாலு கேட்டு வாங்கிட்டு வந்திருக்க.

மருமகன்: அது ஸ்டேட் போர்டு, அத்தை.

(இந்த இடத்தில் அத்தை எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். மருமகன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார்.)

மருமகன்: வேல்யூஸை வெறுமனே சுவத்துல எழுதி வச்சா பிள்ளைங்க பாக்க மாட்டாங்க. அதனால பாயிண்ட் சிஸ்டம். கிளாஸ்ல நாலு கலர்ல சார்ட் ஒட்டியிருக்கோம். நல்லது செஞ்சா ஸ்டார். பெரியவங்களுக்கு வணக்கம் சொன்னா 2 பாயிண்ட். குப்பையைத் தொட்டியில போட்டா 3. கீழ கிடந்த பொருளை எடுத்து மிஸ்ஸுகிட்ட குடுத்தா நேர்மைக்கு 5. முதல் வாரமே அமோகமான ரிசல்ட்! மூணாம் வகுப்புல மட்டும் ஒரே நாள்ல பதினாலு ரப்பர் கிடைச்சு எங்ககிட்ட வந்துச்சு.

அத்தை: அதுக்கு முந்தி ஒரு நாளைக்கு எத்தனை ரப்பர் தொலையும்?

மருமகன்: ஒண்ணு, ரெண்டு.

அத்தை: அப்ப பன்னெண்டு ரப்பர் எப்படித் தொலைஞ்சுது?

மருமகன்: விசாரிச்சோம். பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கிற ரெண்டு பிள்ளைங்க. அவன் ரப்பரை அவனே கீழ போடுவான், இவன் எடுத்து மிஸ்ஸுகிட்ட குடுப்பான். மத்தியானம் அவன் முறை. ரெண்டு பேரும் டோபாஸ். ஒரு பாப்பா புது அப்சரா ரப்பர் ரெண்டு வாங்கிட்டு வந்து, பிரிக்காமலேயே கண்டெடுத்துக் குடுத்திருக்கு.

அத்தை: பிள்ளைங்க கெட்டிக்காரப் பிள்ளைங்க. நேர்மைக்கு நீங்க விலை வச்சீங்க, அவங்க உற்பத்தியைக் கூட்டிட்டாவ. குப்பை?

மருமகன்: பேப்பரைக் கிழிச்சுக் கிழிச்சுத் தொட்டியில போடுறாங்க. நோட்டு சீக்கிரம் தீர்ந்துருது.

அத்தை: நோட்டும் ஸ்கூல்லயேதான் வாங்கணும்?

மருமகன்: ஆமா.

அத்தை: கரஸ்பாண்டென்ட் சும்மா நகைக்கடை வச்சிருக்கல. பாயிண்ட் குறைஞ்சா என்ன பண்ணுவாங்க?

மருமகன்: வெள்ளிக்கிழமை அசெம்பிளில டோட்டல் வாசிப்போம். கடைசியா வர்ற ஹவுஸ் மத்த மூணுக்கும் கைதட்டணும். போன வாரம் சஃபையர் கடைசி. ஒரு யு.கே.ஜி. குழந்தை வீட்டுக்குப் போய், நாங்க கெட்ட பிள்ளைங்களாம்மான்னு கேட்டிருக்கு. டைரியில எழுதி அனுப்பியிருக்காங்க. அதெல்லாம் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் வர வர சரியாயிரும்.

அத்தை: இரு. நான் பி.எட். படிக்கையில சைக்காலஜிப் புத்தகத்துல ஒண்ணு வந்துச்சு. அமெரிக்காவுல ஒக்லஹோமாவுல ராபர்ஸ் கேவ்னு ஒரு இடம். 1954ல முசாஃபர் ஷெரீஃப்னு ஒருத்தர் 22 பையங்களைக் கோடை முகாம்னு கூட்டிட்டுப் போனார். எல்லாரும் பதினோரு வயசு வாக்குல. ஒரே நிறம், ஒரே மாதிரிக் குடும்பம், ஒருத்தனை ஒருத்தன் முன்னப்பின்ன தெரியாது. சண்டை போட ஒரு காரணமும் கிடையாது. ரெண்டா பிரிச்சார். ஒரு கூட்டம் கழுகுன்னு பேரு வச்சுக்கிட்டானுவ, இன்னொண்ணு பாம்பு. கயிறு இழுக்கப் போட்டி, பேஸ்பால் போட்டி, அதுக்குப் பாயிண்ட், ஜெயிச்சவனுக்கு மெடல், கத்தி.

மருமகன்: நாங்க டிஃபன் பாக்ஸ்தான் குடுக்கிறோம், அத்தை.

அத்தை: புண்ணியமா போச்சு. அவனுவ கொஞ்ச நாள்லயே அடுத்தவன் கொடியை எரிச்சு, அவன் தங்குத இடத்துல பூந்து கட்டிலைப் புரட்டிப் போட்டானுவ. சரி, சேந்து சாப்பிட்டா சேந்துருவானுவன்னு உக்கார வச்சா, சாப்பாட்டை அள்ளி எறிஞ்சானுவ.

மருமகன்: அப்புறம் வேல்யூ எஜுகேஷன் குடுத்தாங்களா?

அத்தை: தண்ணியை நிறுத்தினார். முகாமுக்குத் தண்ணி வரல. தாகம் ரெண்டு கூட்டத்துக்கும் ஒண்ணுதான? ரெண்டும் சேந்து போய் எங்க அடைச்சிருக்குன்னு தேடுனாவ. இன்னொரு நாள் சாப்பாட்டு லாரி கிளம்பல. கயிறு இழுக்கப் போட்டிக்குப் பிடிச்ச அதே வடத்தை எடுத்து லாரியில கட்டி, எல்லாரும் ஒரே பக்கம் நின்னு இழுத்தானுவ. இப்படி ஒவ்வொண்ணா நடக்க நடக்கத்தான் வன்மம் குறைஞ்சுது. யாரும் யாருக்கும் ஸ்டார் ஒட்டல.

மருமகன்: எங்க ஸ்கூல்ல தண்ணிக்குப் பிரச்சினை இல்லை. ஆர்.ஓ. இருக்கு.

அத்தை: அதான் உங்க பிரச்சினை. எங்க பள்ளிக்கூடத்துல ஒரு அடிபம்பு. மத்தியானம் சத்துணவு முடிஞ்சதும் தட்டு கழுவணும். ஒருத்தன் அடிச்சாத்தான் ஒருத்தன் கழுவ முடியும். ரெண்டு தெருப் பிள்ளைங்க. நான் அங்க போன புதுசுல ஒரு தெருப் பிள்ளைங்கதான் எப்பவும் அடிக்கும், இன்னொரு தெருப் பிள்ளைங்க கழுவிட்டுப் போயிட்டே இருக்கும். யாரும் சொல்லிக் குடுக்கல, வீட்டுல பாத்தது. நான் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து பம்பு பக்கத்துல நின்னேன். அ, ஆ வரிசைப்படி ஒருத்தர் அடி, அடுத்த பேரு கழுவு; அப்புறம் அவன் அடி, இவன் கழுவு. ரெண்டு அப்பாமாரு வந்து சண்டை போட்டாவ. பதிவேட்டைக் காட்டினேன். அகர வரிசையை மாத்தணும்னா தொல்காப்பியர்கிட்டப் போய்ப் பேசுங்கன்னேன்.

மருமகன்: அதுக்கு எத்தனை பாயிண்ட் குடுத்தீங்க?

அத்தை: தட்டு சுத்தமாச்சு. அது போதாதா?

மருமகன்: நீங்க பழைய ஆளு, அத்தை. எல்லாத்துலயும் சாதியைக் கொண்டுவர்றீங்க. எங்க பிள்ளைங்களுக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது.

அத்தை: நாங்குநேரி இங்கேருந்து எவ்வளவு தூரம்? 2023 ஆகஸ்டுல பிளஸ் டூ பையனையும் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டினது யாரு? கூடப் படிச்ச பையங்க. அதுக்கப்புறம்தான் நீதிபதி சந்துருவை வச்சுக் குழு போட்டு, 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு. கையில கலர் கலரா கயிறு கட்டிட்டு வரக்கூடாதுன்னு அதுல இருக்கு. அதுக்கு முந்தி 2019லயே கயிறு பத்திக் கல்வித் துறையில ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. அமைச்சரே அது அமலுக்கு வரலன்னுட்டார்.

மருமகன்: அது ஹைஸ்கூல் பையங்க விவகாரம். நம்மது பிரைமரி.

அத்தை: ஆறாங்கிளாஸுக்குப் போறப்ப அவன் புதுசா பொறந்தா போறான்? எந்தக் கலர் நம்ம கலர், எந்தக் கலரைப் பாத்தா ஊளையிடணும்னு நீங்க யு.கே.ஜி.யிலயே பழக்கிக் குடுத்து அனுப்புதீங்க.

மருமகன்: அப்ப ஹவுஸ் சிஸ்டமே வேண்டாம்ங்கிறீங்க. நேரா சொல்லிருங்க.

அத்தை: அங்கதான் தப்பு பண்ணுத. வேணும்ங்கேன்.

மருமகன்: என்ன அத்தை, இவ்வளவு நேரம் கிழிச்சுட்டு?

அத்தை: கிழிச்சது பாயிண்டையும் ஃப்ளெக்ஸையும். கயிறு பொறப்புல வாரது. தெரு பொறப்புல வாரது. கோயில்ல எந்தப் பக்கம் நிக்கணும்ங்கதும் பொறப்புல வாரது. சீட்டுக் குலுக்கிப் போட்டு, இவன் ரூபி, அவன் எமரால்டுன்னு எடுத்தா, பொறப்பைக் கேக்காம இந்த ஊர்ல ஒரு பிள்ளைக்குக் கிடைக்குத கூட்டம் அது ஒண்ணுதான். மேலத் தெருப் பையன் ஓடிவந்து காலனிப் பையன் கையில ரிலே குச்சியைக் குடுக்கணும். அவன் விழுந்தா இவன் தோத்தான். அந்த ஒரு நிமிஷம் அவனுக்காக இவன் தொண்டை கிழியக் கத்துவாம்லா, அதுக்கு நான் முந்நூத்தம்பது ரூபாய் டீ-ஷர்ட்டைக்கூடப் பொறுத்துக்குவேன். தலைமை தாங்கவும் வாரேன். சரி, சீட்டு யாரு எடுத்தா? பிள்ளைங்களையே எடுக்கச் சொன்னீங்களா?

மருமகன்: சீட்டெல்லாம் இல்லை, அத்தை.

அத்தை: பின்ன? அகர வரிசையா?

மருமகன்: மொத்தம் ஆறு கிளாஸ், பிராக்டிஸ் முடிஞ்சு பிள்ளைங்க போக லேட்டாகும். ஒரு ஹவுஸுக்கு ஒரு நாள் பிராக்டிஸ். அன்னைக்கு லேட்டா ஒரு வேன் போனா போதும்னு டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் ஐடியா குடுத்தார். நாலு வேன், நாலு ஹவுஸ். டீசல் எவ்வளவு மிச்சம் தெரியுமா?

அத்தை: வேன் ரூட்டுப்படி பிரிச்சீங்களா?

மருமகன்: ஆமா. முதல் ரூட் ரூபி, ரெண்டாவது சஃபையர். சிம்பிள்.

அத்தை: முதல் ரூட்டு எங்க போவுது?

மருமகன்: மேலத் தெரு, சந்நிதித் தெரு, பெருமாள் கோயில் பக்கம்.

அத்தை: ரெண்டாவது?

மருமகன்: கால்வாய்க்குத் தெக்க இருக்கிற காலனி. மூணாவது சர்ச் தெரு, நாலாவது பள்ளிவாசல் பக்கம்...

(காபி டம்ளரை மருமகன் கீழே வைத்தார். ஆனால் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர் உண்மையிலேயே டீசலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.)

அத்தை: மத்த மதத்தை மதிக்கது எந்த ஹவுஸ்னு சொன்ன?

மருமகன்: டோபாஸ்.

அத்தை: அது பள்ளிவாசல் வேன். அந்தப் பிள்ளைங்க மட்டும் மத்தவங்களை மதிக்கணும். போன வாரம் கடைசியா வந்து, நாங்க கெட்ட பிள்ளைங்களான்னு கேட்டது எந்த வேன் பிள்ளை?

மருமகன்: சஃபையர்... ரெண்டாவது ரூட்.

அத்தை: அசெம்பிளில நிக்க வச்சு, மத்த மூணு தெருவுக்கும் கைதட்டுன்னு சொல்லியிருக்கீங்க.

மருமகன்: நாங்க அப்படி நினைச்சே பண்ணலை, அத்தை.

அத்தை: நினைச்சுப் பண்ணுதவன்கிட்ட ஒரு நாள் சண்டை போட்டு நிறுத்தலாம். டீசலுக்காகப் பண்ணுதவனை என்ன சொல்லி நிறுத்த?

மருமகன்: இப்ப என்ன பண்றது? டீ-ஷர்ட்ல பேரு, ஹவுஸ் எல்லாம் பிரிண்ட் ஆகி வந்துருச்சு.

அத்தை: வந்தா வரட்டும். திங்கக்கிழமை கிளாஸ் கிளாஸா சீட்டுப் போடு. பிள்ளைங்களே எடுக்கட்டும். அண்ணன் தங்கச்சி இருந்தா ஒரே ஹவுஸ்ல விடு, வீட்டுல சண்டை வேண்டாம். மத்தபடி எடுத்த சீட்டை எந்த அப்பா வந்து கேட்டாலும், எந்தத் தாத்தா வந்து கேட்டாலும் மாத்தாத. சட்டையை அளவு பாத்து மாத்திப் போட்டுக்கட்டும். ஒரு வருஷம் அடுத்த தெருப் பிள்ளை பேரு போட்ட சட்டையைப் போட்டா தோலு உரிஞ்சிராது. பாயிண்ட் சார்ட்டைக் கிழிச்சுரு. ஓட்டத்துக்குப் பாயிண்ட் குடு, நேர்மைக்குக் குடுக்காத.

மருமகன்: பேரண்ட்ஸ் ஒத்துக்கலைன்னா?

அத்தை: எதுக்கு ஒத்துக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லு. ஒருத்தரும் குடுக்க மாட்டாவ.

மருமகன்: கரஸ்பாண்டென்ட் டீசல் கணக்குக் கேப்பாரே?

அத்தை: நாலு வேனும் ஒரு மணி நேரம் லேட்டா போனா எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டு அவர்கிட்டக் குடு. அந்தத் தொகையைச் செலவு பண்ண மனசில்லைன்னா, ஃப்ளெக்ஸுல இருக்க நாலு வார்த்தையையும் அழிச்சுட்டு வேன் நம்பரை எழுதிரச் சொல்லு.

இந்த உரையாடல் நடந்தது ஒரு பள்ளியைப் பற்றித்தான். ஆனால் வேன் எல்லாப் பள்ளியிலும் ஓடுகிறது. உங்கள் பிள்ளையை இன்ன ஹவுஸில் சேர்த்திருக்கிறோம், டீ-ஷர்ட் அளவு என்ன என்று பள்ளியிலிருந்து கேட்டால், அளவைச் சொல்லுங்கள். கூடவே, எப்படிப் பிரித்தீர்கள் என்றும் கேளுங்கள்.